ஆம்னி வேனில் செல்ஃப் எடுக்கவில்லை: மோட்டாரை வீட்டிலேயே கழற்றலாமா?

காய்கறி வண்டி:
1998 மாடல் ஆம்னி வேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், இன்ஜின் சுற்றுவதில்லை. இரண்டாவது கியரில் தள்ளிவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. பேட்டரி போன தீபாவளிக்குத்தான் வாங்கினேன். செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார் மெக்கானிக். ஸ்பேனர் செட் கைவசம் இருக்கிறது. நானே மாற்றலாமா? விடியற்காலையில் சந்தைக்குப் போகிறவனுக்கு வண்டி தள்ள யார் வருவார்கள்?

மின்வேலை:
முதலில் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கிப்போனால் பேட்டரியையோ அதன் முனைகளையோ சந்தேகப்படலாம். 'டக்' என்ற பிறகும் வெளிச்சம் குறையவில்லை என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் போகவே இல்லை. சோலினாய்டின் (சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) உள்முனைகளோ, கார்பன் பிரஷோ (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும். மல்டிமீட்டர் இருந்தால், நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. எர்த் ஒயரையும் பாருங்கள். அதில் பச்சை பூத்திருப்பதைக் கவனிக்காமல் நல்ல மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

காய்கறி வண்டி:
வெளிச்சம் துளிகூடக் குறையவில்லை. மீட்டர் 12.5 காட்டுகிறது. எர்த் ஒயர் சுத்தமாக இருக்கிறது. மோட்டாரின் உடம்பில் கட்டையால் லேசாகத் தட்டச் சொல்லிச் சாவியைத் திருப்பினேன், எடுத்துவிட்டது! அடுத்த முறை மறுபடியும் 'டக்'.

பழைய பட்டறை:
தட்டினால் எடுக்கிறதென்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ்தான் தம்பி. புது மோட்டாருக்குச் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். கழற்றி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கொடுங்கள், பிரஷும் புஷ்ஷும் (மோட்டாரின் தண்டைத் தாங்கும் உலோக வளையம்) மாற்றித் தருவார்கள்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். இதில் சோம்பல் கூடவே கூடாது. சோலினாய்டுக்கு வரும் தடித்த கேபிளில் சாவி போடாமலே எப்போதும் மின்சாரம் இருக்கும், நடுவில் ஃபியூஸும் கிடையாது. ஸ்பேனர் அந்த நட்டையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும், கை வெந்துவிடும். கேஸ் வண்டியென்றால் இன்னும் மோசம்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். தடித்த கேபிள், சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர், பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றுங்கள். துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். கடைசி போல்ட்டை எடுக்கும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்குங்கள். முகத்துக்கு நேராகத்தான் தொங்கும், கனமும் அதிகம்.

காய்கறி வண்டி:
கழற்றிக் கடையில் கொடுத்தேன் அண்ணே. பின்மூடியைத் திறந்ததும் கரிப்பொடி கொட்டியது. ஒரு பிரஷ், ஸ்பிரிங் எட்டாத அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. பெண்டிக்ஸ் (இன்ஜினைப் பிடித்துச் சுற்றும் சிறு பல்சக்கரம்) பற்கள் நன்றாக இருக்கின்றனவாம். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பழைய பட்டறை:
உண்டு. வாங்கும் முன் கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெண்டிக்ஸ் வெளியே வந்து சுற்ற வேண்டும். மோட்டார் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். மோட்டாருக்கு எர்த் அந்த உலோகம் வழியாகத்தான் போகிறது, அங்கே பெயின்ட்டும் அழுக்கும் ஆகாது. நெகட்டிவ் முனை கடைசியில். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். எடுக்காவிட்டால் சற்று ஆறவிட்டுத் திரும்ப அடியுங்கள்.