பதிப்புரிமையை ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

நூலகவாசி:
சந்தா ஆய்விதழில் கட்டுரை ஏற்கப்பட்டதும் பெரும்பாலும் ஒரு படிவம் வரும். கையெழுத்துப் போட்டால் பதிப்புரிமை முழுக்கப் பதிப்பகத்துக்கு. எழுதியவருக்குப் பணமில்லை, மதிப்பிட்டவருக்கும் பெரும்பாலும் இல்லை. அப்புறம் அதே கட்டுரையை நூலகம் சந்தா கட்டிப் படிக்க வேண்டும்! அனுப்பும்போதே, 'ஏற்கப்பட்ட கைப்படிக்கு சிசி பை உரிமம் பொருந்தும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 2020இல் கோஅலிஷன் எஸ் என்ற ஆய்வு நிதியமைப்புகளின் கூட்டணி அறிவித்த உரிமைத் தக்கவைப்பு வழி இதுதான். கைப்படி என்றால் மதிப்பீடு முடிந்து, இதழ் வடிவமைக்கும் முன் உள்ள பிரதி. சிசி பை என்றால் எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமம்.

செம்மைப்பேனா:
பிறகு வரும் ஒப்பந்தம் அந்த வரிக்கு நேர் எதிராக இருந்தால்? இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது ஆய்வாளர்தான். இதழ் நடத்தவும் செலவு உண்டு ஐயா. கைப்படி வெளியான அன்றே இலவசமாகக் கிடைத்தால் யார் சந்தா கட்டுவார்?

நூலகவாசி:
இயற்பியல் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கும் ஆர்க்சைவ் களஞ்சியம் 1991 முதல் இருக்கிறது. இயற்பியல் இதழ்கள் சந்தா இல்லாமல் மூடப்பட்டுவிட்டனவா என்ன?

செம்மைப்பேனா:
அங்கே இருப்பவற்றில் பல, மதிப்பீட்டுக்கு முந்தைய வரைவுகள். நீங்கள் கேட்பது மதிப்பீடு முடிந்த கைப்படி, அதாவது இதழின் உழைப்பும் சேர்ந்தது. இன்னொன்று, சிசி பை என்றால் யாரும் கேட்காமலே மொழிபெயர்க்கலாம், தொகுத்து விற்கலாம். பெயரைக் குறிப்பிட்டால் போதும். வரலாறு, இலக்கியம் எழுதுபவர்கள் இதற்குத் தயங்குவது நியாயம்தானே?

முனைவர்கனவு:
அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் வேறு வழி என்ன? திறந்த அணுகலுக்கு, அதாவது கட்டுரையை இதழிலேயே எல்லாரும் இலவசமாகப் படிக்க, எழுதியவரே காசு கட்டு என்கிறார்கள். நேச்சர் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அதற்கு நான் எங்கே போவேன்? பதிப்பகத்தோடு தனியாக மல்லுக்கட்டவும் பயம்.

நூலகவாசி:
தனியாக மல்லுக்கட்ட வேண்டாம் என்பதால்தான் ஹார்வர்டின் கலை, அறிவியல் புலத்து ஆசிரியர்கள் 2008 பிப்ரவரியில் வாக்களித்து, தங்கள் கட்டுரைகளை வெளியிடும் உரிமத்தைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். பதிப்பக ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் வரும். வேண்டாம் என்பவர் அந்தக் கட்டுரைக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம். ஜெர்மனியில் 2014 முதல் சட்டமே இருக்கிறது: வெளியாகி 12 மாதம் கழித்து, வணிக நோக்கமில்லாமல் கைப்படியைப் பொதுவில் வைக்கலாம். ஒப்பந்தம் மறுத்தாலும் செல்லாது.

செம்மைப்பேனா:
அந்த 12 மாதம் எனக்குச் சம்மதம், அதற்குள் இதழ் மூச்சுவிடும். ஆனால் அந்தச் சட்டம், பாதியாவது பொது நிதியில் நடந்த ஆய்வுக்கு மட்டும். சொந்தக் காசில் எழுதுகிறவர்?

முனைவர்கனவு:
என் ஆய்வுக்கும் நிதியில்லை. எங்கள் பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு தீர்மானம் இல்லை. அடுத்த வாரம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அனுப்பும்போது சேர்க்காத அந்த ஒரு வரியை இப்போதாவது சேர்க்கலாமா என்று, ஆசிரியர் குழுவிடம் முதலிலேயே கேட்டுப் பார்க்கிறேன்.