ஒரே கொட்டகையில் கோழி, குஞ்சு, வாத்து, வான்கோழி: எந்தத் தீவனம் வாங்குவது?

கிணத்துமேடு:

வணக்கம். சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்து வீடு. ஆசைக்கு நாலு கோழி என்று ஆரம்பித்தது, இப்போது எண்ணினால் 28 உருப்படி நிற்கிறது. சிறுவிடை என்கிற நாட்டுக்கோழியில் பெட்டை 9, சேவல் 2, கிராமப்பிரியா என்கிற முட்டையினப் பெட்டை 4, வான்கோழி ஒரு ஜோடி, வாத்து 3. போதாததற்கு ஒரு சிறுவிடை அடைகாத்து 8 குஞ்சு இறக்கியிருக்கிறது. அதற்கு மூன்று வாரம் ஆகிறது. ராத்திரி எல்லாம் ஒரே கொட்டகை. காலையில் திறந்துவிட்டால் சாயங்காலம் வரை தோட்டத்தில் மேய்ச்சல்.

தீவனக் கடையில் கேட்டதற்கு, முட்டைக்கோழித் தீவனம் எடுத்துப் போங்க, முட்டை நன்றாக வரும் என்றார்கள். 50 கிலோ மூட்டை ஒன்று வாங்கிவிட்டேன். "கோழிக்குக் கம்பு போடாமல் இதென்ன மாவு?" என்று அம்மா தினமும் திட்டுகிறார்.

நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் எல்போ மாட்டி நானே ஒரு தீவனக்குழாயும் செய்தேன். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. இப்போது மேலே தீவனம் அப்படியே நிற்கிறது, கீழே காலி. குச்சியால் தட்டினால் மொத்தமாகக் கொட்டுகிறது. பெரிய சேவல் அதன் வாயிலேயே காவல் நிற்கிறான், ஒருத்தரையும் விடுவதில்லை. இதற்கு நடுவில் கிராமப்பிரியா ஒன்று ஓடில்லாத தோல் முட்டை இடுகிறது.

இத்தனை ஜாதிக்கும் ஒரே தீவனம் போதுமா? வெவ்வேறாகப் போட்டால் யார் எதைத் தின்கிறார்கள் என்று யார் உட்கார்ந்து பார்ப்பது?

பழைய பஞ்சாரம்:

தம்பி, முதலில் அந்த மூட்டையைக் குஞ்சு வாய்க்கு எட்டாமல் பண்ணுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு வரை இருக்கும். முட்டையிடுகிற பெட்டை அதை ஓட்டில் இறக்கிவிடும். குஞ்சுக்கு நூற்றுக்கு ஒன்று போதும். மிச்சம் போக வழியில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் 16 குஞ்சு வைத்திருந்தேன். எதற்கு இரண்டு மூட்டை என்று கஞ்சத்தனம் பார்த்து, தாய்க்குப் போட்டதையே குஞ்சுக்கும் போட்டேன். ஒன்றரை மாதத்தில் ஆறு போயிற்று. நான் கழிச்சல் என்று நினைத்து மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். சிறுநீரகம் வீங்கி வெளுத்துக் கிடந்தது. ஈரல் மேல் கோலமாவு தூவினாற்போல் ஒரு படலம். அதைப் பார்த்த பிறகு இந்தத் தப்பை மறுபடி செய்ய மனசு வராது.

இப்போது என் வழக்கம் இது. குஞ்சு நீங்கலாக எல்லாருக்கும் வளர்கோழித் தீவனம். கால்சியம் மட்டும் தனியாக. கடையில் ஷெல் கிரிட் என்று கேளுங்கள், கிளிஞ்சலை உடைத்தது. ஒரு கொட்டாங்குச்சியில் போட்டுக் கொட்டகை ஓரமாக வைத்துவிடுங்கள். யார் தின்கிறார்கள் என்று நீங்கள் பார்க்க வேண்டாம், அதற்கே தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். முட்டையிடுகிற பெட்டைகள்தான் அதைத் தேடி வந்து கொத்தும். ஓடு ராத்திரியில்தான் கட்டுகிறது, அதற்குச் சரக்கு சேர்க்கிறது. சேவல் ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். தோல் முட்டைக்கும் இதுதான் முதல் வைத்தியம். உங்களுடையது குழாய்க்கே கிட்டப் போக முடியாமல் பட்டினி கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

குஞ்சுக்கு ஸ்டார்ட்டர் என்கிற குஞ்சுத் தீவனம் வேண்டும், புரதம் நூற்றுக்கு 20க்குக் குறையாமல். அதைப் பெரியது தின்னாமல் காப்பாற்ற, கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடை இருக்கிறதே. மூன்று செங்கலைப் படுக்கவைத்து அதன்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே கிண்ணம் வையுங்கள். குஞ்சு சந்து வழியாக உள்ளே போகும், தாய் வெளியே சுற்றிச் சுற்றிக் கத்தும். கத்தட்டும், இரண்டு நாளில் பழகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: கிண்ணம் நட்ட நடுவில் இருக்க வேண்டும். வாத்தும் வான்கோழியும் படுத்துக்கொண்டு கழுத்தை உள்ளே விடும். மேலே ஒரு கல்லும் வையுங்கள், இல்லாவிட்டால் வான்கோழி பஞ்சாரத்தையே புரட்டிவிடும்.

குழாயைப் பற்றி. மாவுத் தீவனம் குழாய்க்குள் இறுகிக்கொள்ளும், ஈரக்காற்று அடித்தால் இன்னும் மோசம். மழைச்சாரல் எல்போவுக்குள் போனால் அங்கேயே பூஞ்சை பிடிக்கும், வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. அந்தப் பைப்பையே நீளவாக்கில் இரண்டாக அறுத்து, முனைகளை மரக்கட்டையால் அடைத்து, இரண்டு தொட்டியாகக் கயிற்றில் தொங்கவிடுங்கள். விளிம்பு சிறுவிடையின் முதுகு உயரம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் நிரப்ப வேண்டும். நிறையப் போட்டால் அலகால் வாரி இறைத்துவிடும், உங்கள் காசு மண்ணில் கிடக்கும். முக்கியமாக, ஒரு தொட்டி கொட்டகைக்குள், இன்னொன்று சுவருக்கு அந்தப் பக்கம். ஒன்றின் முன் நிற்கிற சேவலுக்கு இன்னொன்று கண்ணில் படக் கூடாது. அவன் எவ்வளவு பெரிய ரவுடியானாலும் இரண்டு இடத்தில் நிற்க முடியாதே.

ராத்திரி தொட்டியில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னாலேயே பாம்பு வரும்.

அளவு கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடைத்து வளர்த்தால் பெரிய கோழி ஒன்று நாளைக்கு 100 கிராம் வரை தின்னும். மேய்கிறதற்கு நான் பாதிதான் வைக்கிறேன். அடைகிற நேரத்தில் ஒன்றிரண்டைப் பிடித்துக் கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். நிறைந்திருந்தால் சரி, தொளதொளவென்று இருந்தால் மறுநாள் ஒரு பிடி கூட்டுங்கள்.

வாங்கிய மூட்டையைக் கடையில் மாற்றித் தந்தால் நல்லது. இல்லாவிட்டால் குஞ்சுத்தாய் நீங்கலாக மற்ற 12 பெட்டையையும் காலையில் அரை மணி நேரம் அடைத்துவைத்து அதைப் போட்டுவிட்டுத் திறந்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் கோடையில் வைக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும்.

அம்மா சொல்வதிலும் தப்பில்லை. மக்காச்சோளத்தைவிடக் கம்பில் புரதம் கொஞ்சம் அதிகம். சாயங்காலம் ஒரு பிடி அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். "பா… பா…" என்று ஒரு குரல் கொடுத்தால் எல்லாம் தானாக வந்து அடையும்.

கரையான் பானை:

எங்கள் அப்பத்தா காலத்தில் மூட்டையும் இல்லை, ஷெல் கிரிட்டும் இல்லை, கோழி மட்டும் இருந்தது! குருணையும் தவிடும் போட்டால் போதும். குஞ்சுக்குக் கரையான் பிடித்துப் போடுங்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்து எடுத்தால் பானை நிறையக் கரையான். வெயில் ஏறினால் இறங்கிவிடும், சீக்கிரம் எடுக்க வேண்டும். குஞ்சு பாய்ந்து தின்னுவதைப் பார்க்கவே காசு கொடுக்கலாம்.

பழைய பஞ்சாரம்:

கரையானை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அப்பத்தா வளர்த்தது சிறுவிடை. பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும், அதற்கு மேய்ச்சலும் குருணையும் தாங்கும். கிராமப்பிரியா ஹைதராபாத்தில் முட்டைக்கென்றே உருவாக்கிய இனம். வருஷத்துக்கு இருநூறு முட்டை எதிர்பார்த்துக்கொண்டு குருணையை மட்டும் போட்டால் அது தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் ஓடு கட்டும்.

வாத்துக்குளம்:

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து. வான்கோழி இருப்பதால் ஒரு எச்சரிக்கை. பிராய்லர் தீவனம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க அதில் சிலர் சாலினோமைசின் என்ற மருந்து சேர்ப்பார்கள். கோழிக்கு ஒன்றும் ஆகாது, வான்கோழிக்கு விஷம். ஸ்டார்ட்டர் மூட்டையிலும் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள், வான்கோழி கொட்டகைக்கு மருந்து கலக்காததுதான் வேண்டும்.

இரண்டாவது, கடலைப் புண்ணாக்கு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கின் பூஞ்சையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். வாத்துக்குஞ்சு அதைவிட நோஞ்சான், துளி நஞ்சுக்கே ஈரல் போய்விடும். பச்சை பூத்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ந்தால் பூஞ்சை போகும், நஞ்சு போகாது.

வாத்துக்குத் தண்ணீர் இல்லாமல் தீவனம் இறங்காது. ஆனால் தண்ணீர்ச் சட்டியைத் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் ஒரு வாய் தீவனம், ஒரு வாய் தண்ணீர் என்று மாற்றி மாற்றிப் போய் சாயங்காலத்துக்குள் இரண்டையும் கூழாக்கிவிடும்.

கிணத்துமேடு:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கடையில் மூட்டையை மாற்றித் தரவில்லை, அடைத்துவைத்துத்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். பைப்பை அறுத்துத் தொங்கவிட்டாயிற்று. சேவல் முதல் நாள் சுவரின் இரண்டு பக்கமும் ஓடி ஓடி இளைத்துப் போனான், இப்போது விட்டுவிட்டான். கொட்டாங்குச்சி வைத்து பத்து நாளில் தோல் முட்டை நின்றுவிட்டது. நீங்கள் சொன்னது போலவே ஐந்து மணிக்குப் பெட்டைகள் வரிசையாக வருகின்றன, அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்களுக்கு வெத்தலைச் சுண்ணாம்பு மாதிரி" என்றார்.

கிண்ணத்தை முதலில் ஓரமாக வைத்துவிட்டேன், வாத்து மூன்று நாள் ஸ்டார்ட்டர் விருந்து சாப்பிட்டது. குஞ்சு எட்டும் இருக்கிறது. ஆனால் இப்போது மூன்றுதான் சந்தில் நுழைகிறது, மற்றதெல்லாம் பெருத்துவிட்டன. செங்கலை நிமிர்த்தி வைக்கட்டுமா? இன்னொரு பெட்டை வேறு நேற்றிலிருந்து கூடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

பழைய பஞ்சாரம்:

நிமிர்த்த வேண்டாம். எட்டு வாரமாகிவிட்டது, இனி வளர்கோழித் தீவனமே தின்னட்டும். ஸ்டார்ட்டர் மிச்சம் இருந்தால் ஒரு வாரம் அதோடு கலந்து போட்டுத் தீருங்கள். பஞ்சாரத்தைக் கழுவி வெயிலில் காயவையுங்கள், இன்னும் மூன்று வாரத்தில் வேண்டியிருக்கும்.