எலுமிச்சை லோஃப் கேக்: நடுவுல குழி, கூடவே கசப்பு, எங்க தப்பு?

புது_ஓவன்காரி:
பிரெட் மாதிரி நீள டின்ல பண்ற லோஃப் கேக், ரெண்டு தடவ பண்ணிட்டேன், ரெண்டு தடவையும் ஒரே கதை. ஓவன் கண்ணாடி வழியா பாக்கறப்போ அழகா உப்பி மேல வருது, அப்பாடா வந்துடுச்சுன்னு நினைச்சா வெளிய எடுக்கறதுக்குள்ள நடுவுல பொத்துனு உக்காந்துடுது. வெட்டிப் பாத்தா அடியில ஒரு விரக்கடைக்கு பிசுபிசுன்னு ஈரம். அதக்கூட மன்னிச்சுடலாம், ஆனா லேசா கசக்குது, புளிப்பும் இல்ல வாசனையும் இல்ல! மூணு பழம் புழிஞ்சேன், அவ்வளவும் எங்க போச்சு?

நான் போட்டது: மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், முட்டை 3, எண்ணெய் அரை கப், தயிர் அரை கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பேக்கிங் சோடா ஒரு டீஸ்பூன். ரெசிப்பில ஒரே பழம், கால் டீஸ்பூன் சோடான்னுதான் இருந்துச்சு, நாந்தான் எலுமிச்சை தூக்கலா இருக்கட்டும்னு மூணு புழிஞ்சு, ஈரம் ஜாஸ்தியாச்சே உப்பணுமேன்னு சோடாவையும் ஏத்திட்டேன். தோலையும் வீணாக்காம வெள்ளை தெரியற வரைக்கும் துருவிப் போட்டேன். 180 டிகிரி, 40 நிமிஷம்.

மாவுக்கை:
கேள்வியிலயே பதில எழுதிட்டீங்க சிஸ் :) ஒவ்வொண்ணா வரேன்.

வாசனை சாறுல இல்ல, தோல்ல இருக்கு. எலுமிச்சைத் தோல வளைச்சா சுர்ருன்னு தெறிக்குமே அந்த எண்ணெய்தான் எலுமிச்சை வாசனையே, அது மேல இருக்கற மஞ்சள்ல மட்டும்தான். அடியில வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கறது கசப்பு, நீங்க அதையும் சேத்து துருவிட்டீங்க. ஒரு இடத்துல ஒரு இழு, பழத்த திருப்பு, அடுத்த இழு, அவ்வளவுதான், ஒரே இடத்துல திரும்பத் திரும்ப தேய்க்கக் கூடாது. துருவினத அப்படியே மாவுல கொட்டாதீங்க, முதல்ல சர்க்கரையோட போட்டு விரலால ஒரு ரெண்டு நிமிஷம் நல்லா கசக்குங்க. சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகி லேசா மஞ்சளாகும், அப்போ வர்ற வாசனையிலயே உங்களுக்குப் புரிஞ்சுடும். இந்த ஒரு வேலைய மட்டும் செஞ்சாலே பாதி பிரச்சனை தீரும்னு நான் அடிச்சு சொல்வேன்.

சாறு பெரும்பாலும் தண்ணிதான். மூணு பழம்னா கிட்டத்தட்ட அரை கப் வந்திருக்கும், ஒரு பழத்துக்குன்னு கணக்குப் போட்ட மாவு அவ்வளவு தண்ணிய எப்படி தாங்கும், அடியில தங்கிடுச்சு. சோடா கதை இன்னும் மோசம். புளிப்பு பட்ட உடனே சோடா பொங்கும், பொங்கறப்போ அந்த புளிப்பையே தின்னுடும். நீங்க ஆசையா புழிஞ்சதுல ஒரு நல்ல பங்க சோடா சாப்டுடுச்சு. அதுவும் இல்லாம கேஸ் எல்லாம் சீக்கிரமே வந்து கேக்க தூக்கிடுது, உள்ள மாவு வெந்து கெட்டியாகி அத பிடிச்சு நிக்கறதுக்குள்ள காத்து போயிடுது, அதான் குழி.

மாவுக்குள்ள ரெண்டு டேபிள்ஸ்பூன் சாறு போதும். சோடா ரெசிப்பில சொன்ன கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். புளிப்பு வேணும்னா கேக் வெந்ததுக்கு அப்பறம் ஊத்துங்க: மூணு டேபிள்ஸ்பூன் சாறு, மூணு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சர்க்கரை கரையற அளவுக்கு சூடு பண்ணி, கேக் சூடா டின்லயே இருக்கறப்போ குச்சியால குத்திட்டு கொஞ்சம் கொஞ்சமா மேல விடுங்க. அது மாவுல இருக்கற சோடாவோட சேராததால புளிப்பு அப்படியே நிக்கும்.

ஓவன்_தாத்தா:
மாவுக்கை சொன்னது எல்லாம் சரிதான் ஆனா 40 நிமிஷத்த விட்டுட்டாங்களே. லோஃப் டின் ஆழமானது, வட்ட கேக் நேரம் இதுக்கு செட்டாகாது. 9க்கு 5 இஞ்ச் டின்னுன்னா 50லேர்ந்து 60 நிமிஷம் ஆகும். ஃபேன் ஓடற ஓவனா இருந்தா 160 போதும். மேல சீக்கிரம் கருக்குதுன்னா தளர்வா ஃபாயில் மூடுங்க, அதுக்காக எடுத்துடாதீங்க. நடுவுல, இருக்கறதுலயே ஆழமான இடத்துல குச்சி விட்டுப் பாக்கணும், ஓரத்துல விட்டுப் பாத்து ஏமாறாதவங்க யாரு. தெர்மாமீட்டர் இருந்தா உள்ள 96 டிகிரிய தாண்டியிருக்கணும்.

இன்னொண்ணு, நடுவுல கதவத் தொறந்து பாத்தீங்களா இல்லையா, உண்மைய சொல்லுங்க.

புது_ஓவன்காரி:
20வது நிமிஷம் ஒரு தடவ... 25ல ஒரு தடவ...

ஓவன்_தாத்தா:
நினைச்சேன். 40 வரைக்கும் கதவு பக்கமே போகாதம்மா.

வெண்ணெய்_கட்சி:
எண்ணெய் ஊத்தி பண்றதெல்லாம் ஒரு கேக்கா, வெண்ணெய் போட்டுப் பாருங்க வாசனை எங்கயோ போயிடும்.

மாவுக்கை:
வெண்ணெய் ருசி தனி, ஒத்துக்கறேன். ஆனா ஆறினா வெண்ணெய் இறுகும், எண்ணெய் இறுகாது, அதனால எண்ணெய் கேக் மறுநாளும் மெத்துன்னு இருக்கும். தவிர வெண்ணெய்னா சர்க்கரையோட அடிச்சு நுரைக்க வைக்கணும், முட்டை ஜில்லுன்னு போட்டா திரியும், இப்பத்தான் பழகறவங்கள எதுக்கு அதுல இழுத்து விடணும். எண்ணெய்லயும் ஒரு விஷயம் கவனிக்கணும், மைதா போட்டதுக்கு அப்பறம் அடிக்காதீங்க, மாவு மறையற வரைக்கும் கலந்தா போதும், இல்லேன்னா ரப்பர். மைதாவ முடிஞ்சா எடை போடுங்க, ஒன்றரை கப்னா 180 கிராம். கப்ப டப்பாக்குள்ள விட்டு அமுக்கி அள்ளினா ஒரு கப்லயே 30 கிராம் கூட வந்துடும்.

சும்மா_பாக்கறேன்:
குறுக்க வந்ததுக்கு மன்னிக்கவும், எனக்கு குழி விழல, மேல நீளமா வெடிக்குது. அதுவும் தப்பா? அப்பறம் எலுமிச்சைக்கு பதிலா ஆரஞ்சு போடலாமா?

மாவுக்கை:
வெடிக்கறது தப்பே இல்ல, லோஃப் கேக்னா அப்படித்தான். ஓரமும் மேலயும் முதல்ல கெட்டியாகிடுது, நடு மாவு அப்பறமும் மேல ஏறுது, வழி இல்லாம கிழிச்சுக்கிட்டு வருது. நேரா அழகா வெடிக்கணும்னா ஓவன்ல வைக்கறதுக்கு முன்னாடி மெத்துன்னு இருக்கற வெண்ணெய மேல நீளவாக்குல ஒரு கோடு மாதிரி விடுங்க, அந்த கோட்டுலயே பிளக்கும். ஆரஞ்சு தாராளமா போடலாம், தோல் ரெண்டு பழத்துது துருவிக்கோங்க. சாறுல மட்டும் புளிப்பு பத்தாது, மேல ஊத்தற பாகுல பாதி எலுமிச்சை கலந்துக்கோங்க.

புது_ஓவன்காரி:
பண்ணிட்டேன்!! 55 நிமிஷம் ஆச்சு, குழி இல்ல, நடுவுல அழகா வெடிச்சிருக்கு. சர்க்கரையில தோல கசக்கறப்போவே பக்கத்து ரூம்லேர்ந்து என்ன வாசனைன்னு கேட்டாங்க. கசப்பு சுத்தமா இல்ல. ஆனா பாகு மட்டும் மேலயே தேங்கி நின்னு ஓரமெல்லாம் ஒட்டுது, உள்ள எறங்கவே இல்ல.

ஓவன்_தாத்தா:
கேக் ஆறினதுக்கு அப்பறம் ஊத்தினியா?

புது_ஓவன்காரி:
ஃபோட்டோ எடுத்துட்டு ஊத்தினேன் :(