கலைச்சொல்: ‘நீக்கிய சுட்டெண்’ வேண்டாம், ‘தவிர்சுட்டெண்’ சரியாக இருக்குமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கணித மென்பொருளின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கும்போது, ஒரு கூட்டலில் குறிப்பிட்ட சில சுட்டெண்களை (எந்த உறுப்பு என்று காட்டும் எண்; index) மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுவதற்கு ‘நீக்கிய சுட்டெண் கூட்டல்’ என்ற சொல் நேற்று முன்வைக்கப்பட்டது. பொருள் விளங்குகிறது, ஆனால் ‘நீக்கு’ என்னும் வினை தவறான செய்முறையைக் காட்டிவிடுகிறது. நீக்குவதென்றால் அந்த உறுப்பு முதலில் உள்ளே இருந்திருக்க வேண்டும். இங்கோ அது உள்ளே வரவே கூடாது.

1/(க² − 9) என்னும் கோவையை, க = 1 முதல் முடிவிலி வரை, 3-ஐ மட்டும் விட்டுக் கூட்டினால் விடை 1/12. எல்லாவற்றையும் கூட்டிப் பிறகு மூன்றாம் உறுப்பைக் கழித்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால், அந்த உறுப்பில் வகுக்கும் எண் சுழியாகிவிடுவதால், பைத்தான் நிரல்மொழி பிழைச் செய்தியோடு நின்றுவிடும். தாளில் எழுதுவோர் இதற்கு ஐவர்சன் அடைப்பைப் பயன்படுத்துவார்கள்; உள்ளே எழுதிய நிபந்தனை உண்மையானால் 1, பொய்யானால் 0 என மதிப்புத் தரும் சதுர அடைப்பு அது. இங்கே நிபந்தனை ‘க ≠ 3’: க = 3 ஆகும்போது அடைப்பின் மதிப்பு 0; அந்த 0, தன்னோடு பெருக்கப்படும் கோவைக்கு மதிப்பே இல்லாவிட்டாலும் அதை விழுங்கிவிடும் என்பது கணிதர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. மென்பொருளுக்கு அந்த உடன்பாடு தெரியாது. மேத்தமேட்டிகா என்னும் கணித மென்பொருளில் அதையே பெருக்கலாக எழுதினால், சுழியை முடிவிலியால் பெருக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, ‘தேராதது’ (Indeterminate) என்று கைவிரித்துவிடும். ஆகவே நிபந்தனையை முதலில் சோதித்து, 3 வரும்போது கோவையைத் தொடாமலே தாண்டிச் செல்ல வேண்டும்.

உறுப்பு ஒழுங்கான எண்ணாக இருந்தாலும் கழித்தல் ஆபத்துதான். 10¹⁶, 1 ஆகிய இரண்டில் 10¹⁶-ஐ விட வேண்டும் என்று கொள்வோம். இரண்டையும் இரட்டைத் துல்லியத்தில் (கணினி ஏறத்தாழ 16 இலக்கம் வரை மட்டுமே வைத்துக்கொள்ளும் எண் வடிவம்) கூட்டினால் 10¹⁶ மட்டுமே மிஞ்சும். அதிலிருந்து 10¹⁶-ஐக் கழித்தால் 0. வர வேண்டியதோ 1.

எனவே ‘தவிர்’ என்னும் வினையை அடியாகக் கொண்டு, ‘தவிர்சுட்டெண்’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. இது ஊறுகாய் போல வினைத்தொகை; தவிர்த்த, தவிர்க்கிற, தவிர்க்கும் என முக்காலத்துக்கும் பொருந்துவதால், பயனர் இனிமேல் கொடுக்கப்போகும் எண்ணுக்கும் அதே பெயர் நிற்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘தவிர்ச்சுட்டெண்’ என்று ஒற்றுச் சேர்த்து எழுத வேண்டாம். (மெய்ப்புப் பார்ப்பவர்கள் இதைத் திருத்திவிடுவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு.) செய்முறையைத் ‘தவிர்சுட்டெண் கூட்டல்’ எனலாம்.

‘சுட்டெண்’ என்பதற்குப் பதில் சுருக்கமாகச் ‘சுட்டி’ போதுமே என்ற கருத்தும் வந்தது. தமிழ்நாட்டில் அது கணினியின் மவுஸ்; இலங்கைப் பாடநூல்களில் மடக்கைக்கு முன் படிக்கும் அடுக்கு. இரு கரையிலும் வேறு பொருளில் ஊன்றிவிட்ட சொல்லை மூன்றாவதாக இழுக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. உப்புப் படிகத்தில் ஓர் அயனிக்கும் மற்ற எல்லா அயனிகளுக்கும் இடையிலான மின்னாற்றலைக் காட்டும் மேடலங் மாறிலியை (ஏறத்தாழ 1.7476) கணக்கிடும்போது, தொடக்கப் புள்ளியில் உள்ள அயனியை விட்டுக் கூட்டுவதைக் காட்ட, கூட்டல் குறியான சிக்மாவின் (Σ) தலையில் ஒரு சிறு கோடு இடுவார்கள். அந்தக் குறிக்கும் ‘தவிர்’ என்பதிலிருந்தே பெயர் வைக்கலாமா, அல்லது ‘கோட்டுச் சிக்மா’ என்று உருவத்தால் அழைப்பது நல்லதா? இயற்பியல் கற்பிப்பவர்கள் வகுப்பில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால், சொற்பட்டியலில் இரண்டையும் சேர்த்தே பதிந்துவிடலாம்.