லேத்தில் கடைந்த 2 அங்குல ஸ்பேசர்: வண்டியைத் தூக்கியவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

திருவொற்றியூரிலிருந்து, இழையைத் தொடங்குபவர்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது பழைய டாடா சஃபாரி. முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), பின்பக்கம் காயில் ஸ்பிரிங். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வண்டியை வெளியே எடுக்கவே முடியவில்லை. தண்ணீர் வடிந்ததும் நான் எடுத்த முதல் முடிவு, வண்டியை 2 அங்குலம் தூக்க வேண்டும் என்பது. காட்டுப்பள்ளி தாண்டி பழவேற்காடு பக்கம் மணலில் ஓட்டும் ஆசையும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

கடையில் விற்கும் லிஃப்ட் கிட்டின் விலையைக் கேட்டதும் மனம் வரவில்லை. பாரிமுனையில் தடித்த நைலான் ராடில் இரண்டு துண்டு வாங்கி, மூலக்கடையில் தெரிந்த லேத் பட்டறையில் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு வளையமாகக் கடைந்துகொண்டேன். அதுதான் ஸ்பேசர். மேலே ஸ்பிரிங் உட்காரும் ரப்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்து மாட்டியாயிற்று. முன்பக்கத்துக்கு எதுவும் வாங்கவில்லை, டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கினாலே உயரும். மொத்தச் செலவு இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. வண்டி நிமிர்ந்து நின்றதைப் பார்த்து அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் வாரத்திலேயே சத்தம் ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் 'டக்' என்று ஓர் அடி. ஸ்பேசர் ஸ்பிரிங்கைத்தான் தள்ளிக் கொடுக்கிறது, ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருக்கிறது. சக்கரம் கீழே இறங்கும்போது ஷாக் முழுவதும் நீண்டு முட்டிக்கொள்கிறது. அந்த அடிதான் அது. பட்டறையில் ஜாக்கி வைத்து பாடியைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். பின் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. மணலில் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது ஹோஸ் இல்லை. வீட்டில் எல்லோரும் ஏறி, டிக்கியிலும் சாமான் ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறோம். முன்னால் போன கண்டெய்னர் டிரெய்லர் சட்டென்று நின்றது. நானும் மிதித்தேன். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு முன்னே வழுக்கியதே தவிர, வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. டிரெய்லரின் பின் கம்பிக்கும் என் பானட்டுக்கும் ஒரு கை நீளம்கூட இல்லை. பின் சீட்டில் அம்மா இருந்தார்.

காரணத்தைத் தண்டையார்பேட்டையில் ஒரு பெரியவர் கண்டுபிடித்தார். லாரி மெக்கானிக், வயது எழுபதுக்கு மேல். இந்த வகை வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்ன வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகும். பாரம் ஏறினால் பாடி கீழே இறங்கும், உடனே வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். வண்டி காலியாக நிமிர்ந்திருந்தால், பின் சக்கரம் லாக் ஆகி வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நான் ஸ்பேசர் வைத்துப் பாடியை 2 அங்குலம் தூக்கிவிட்டேன். எத்தனை பேர் ஏறினாலும் வண்டி காலி என்றே அந்த வால்வுக்குத் தோன்றும். "பிரேக்கை நீயே பாதி புடுங்கிப் போட்டுட்ட தம்பி" என்றார். ஸ்பேசர் பற்றி நான் பார்த்த வீடியோக்களில் ஒன்றில்கூட இந்த வால்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஆக்ஸிலைக் குறுக்காகப் பிடித்திருக்கும் பேனார்டு ராடு, பாடி உயர்ந்தால் சாய்ந்துவிடும். அது சாயும்போது ஆக்ஸில் ஒரு பக்கமாக நகரும். எனக்கு நாலைந்து மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. முன்னால் டார்ஷன் பாரை முறுக்கியதில் கேம்பரும் டோவும் (சக்கரத்தின் சாய்வும் அது பார்க்கும் திசையும்) மாறி, டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. அலைன்மென்ட் செய்யாமல் ஒரு மாதம் ஓட்டியது என் தவறு.

காசிமேட்டிலிருந்து ஒரு உறுப்பினர்:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. என்னுடையது பழைய வண்டி, பின்னால் ஆக்ஸிலுக்கு மேலே பட்டை ஸ்பிரிங். நான் செய்தது இன்னும் மோசம். எங்கள் வீட்டில் படகு வேலை. பழுதுபார்த்த விசைப்படகில் மிஞ்சிய நல்ல கெட்டி மரத்துண்டு கிடந்தது. கடல் தண்ணீரையே தாங்குகிற மரம் வண்டியைத் தாங்காதா என்று நினைத்து, பின் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டையாக வைத்துவிட்டேன்.

பட்டைக் கட்டின் நடுவில் சென்டர் போல்ட் இருக்கிறதல்லவா, அதன் தலை ஆக்ஸில் மேடையில் உள்ள குழியில் உட்கார்ந்தால்தான் ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராது. நடுவே கட்டை வைத்தால் கட்டையின் மேல்பக்கம் குழியும் கீழ்பக்கம் முளையும் இருக்க வேண்டும். நான் குழி மட்டும் போட்டேன், முளை வைக்கவில்லை. பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டும் நீளம் போதாமல், கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நானே வளைத்து மரை போட்டேன். மணலி பக்கம் லாரிகள் ஓடி ஓடி அலை அலையாகக் கிடக்கும் சாலையில் மூன்றே நாள். மரம் நார் வாக்கில் பிளந்து, ஒரு பக்கம் ஆக்ஸில் பின்னால் தள்ளிப்போய், வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடியது. மெதுவாக வந்ததால் தப்பித்தேன்.

இப்போது தொழிற்சாலை உயரத்திலேயே ஓட்டுகிறேன். யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இறுகி நீண்டது மறுபடி அதே பிடி கொடுக்காது. புதிது போட்டாலும் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் முன் ஆக்ஸிலில் மட்டும் கட்டை வைக்கவே வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் உருளப் பார்க்கும், அந்த இடத்தில் கட்டை பிதுங்கினால் ஸ்டியரிங்கே நம் கையில் இருக்காது.

மாதவரத்திலிருந்து ஒரு உறுப்பினர்:

என்னிடம் ஐந்து கதவு ஜிம்னி இருக்கிறது. நானும் ஸ்பேசர் வைக்க ஆசைப்பட்டவள்தான், ஆனால் வைக்கவில்லை. கீழே படுத்து அளந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. இதில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். ஸ்பேசர் பாடியைத்தான் தூக்கும், ஆக்ஸில் நடுவே தொங்கும் அந்த உருண்டை அதே உயரத்தில்தான் இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது அதுதானே? அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி.

சட்டமும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் எதைத் தேடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கேள்வி அண்ணா. கடைசியில் உங்கள் வண்டியை என்ன செய்தீர்கள்?

திருவொற்றியூரிலிருந்து மீண்டும்:

ஸ்பேசரைக் கழற்றிவிட்டேன் சகோதரி. கழற்றிய அன்று அந்தப் பெரியவர் டேப்பை எடுத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தார். பின்பக்கம் இடதுக்கும் வலதுக்குமே ஒரு விரல் அளவு வித்தியாசம். பழைய ஸ்பிரிங்கைப் புதிதின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நன்றாகவே குட்டையாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஸ்பிரிங் தொய்ந்து வண்டி தானாகவே தாழ்ந்திருக்கிறது, தாழ்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டேன், வால்வுக் கம்பியைச் சரிபார்த்தோம், டார்ஷன் பாரைப் பழைய குறிக்கு இறக்கி அலைன்மென்ட் செய்தோம். 50 மில்லிமீட்டர் ஏறவில்லை. ஆனால் எனக்குத் தேவைப்பட்ட உயரத்தில் பெரும்பகுதி அதிலேயே திரும்பி வந்துவிட்டது. சத்தம் இல்லை, பிரேக் பழையபடி பிடிக்கிறது. ஸ்பேசர் வாங்கக் கிளம்புபவர்கள் முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் அந்த நைலான் வளையங்களைக் கேட்டிருந்தீர்கள். மன்னிக்கவும், கழற்றிய அன்றைக்கே இரண்டையும் ரம்பத்தில் நான்காக அறுத்துவிட்டேன்.