சொல்லாமல் மறைந்த உறுப்பினரைத் தேடிப் போவது அக்கறையா, தொந்தரவா?

தூரிகை:
எங்கள் குறுக்கெழுத்து வாட்ஸ்அப் குழுவில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதம். அங்கே பேச்சை எடுத்தாலே அட்மின் நிறுத்தச் சொல்கிறார், அதனால் இங்கே கேட்கிறேன். குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். காலையில் அன்றைய புதிரை முதலில் முடிப்பவர் எப்போதும் அவர்தான். ஆனால் விடையைப் போட்டு அடுத்தவர் ஆர்வத்தைக் கெடுக்க மாட்டார். யாராவது திணறினால் முதல் எழுத்தை மட்டும் எழுதி, மிச்சத்துக்குப் புள்ளிகள் வைத்து, கீழே ஒரு தூங்குமூஞ்சிப் பூனை ஸ்டிக்கர் போடுவார். அந்தப் பூனை வந்தால்தான் குழுவுக்கே பொழுது விடிந்த மாதிரி. சில வாரங்களாக ஆளையே காணோம். குழுவை விட்டு வெளியேறவில்லை. தனியாகச் செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

ஒருவர் அக்காவின் பழைய படத்தில் பின்னால் தெரிந்த பெயர்ப்பலகையை வைத்து அவர் வேலை பார்க்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த அலுவலக எண்ணைக் குழுவிலேயே போட்டுவிட்டார். யாராவது கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார். அட்மினோ யாரும் கூப்பிடக் கூடாது, வர வேண்டும் என்று நினைத்தால் அவரே வருவார் என்று சொல்லிவிட்டார். என்னால் இதை ஏற்க முடியவில்லை. வருஷக்கணக்காக தினமும் பேசிய ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட உரிமை இல்லை என்றால் நாம் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்வதில் என்ன அர்த்தம்?

சாளரம்:
அட்மின் செய்தது சரி. ஒருவர் பேசாமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், அதில் ஒன்றைக்கூட நமக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. வீட்டில் பிரச்சினை இருக்கலாம், போன் தொலைந்திருக்கலாம், எண்ணை மாற்றியிருக்கலாம், சும்மா சலித்துப் போயிருக்கலாம். வாட்ஸ்அப்பில் 2022-க்கு முன்பு குழுவை விட்டுப் போனால் எல்லோருக்கும் அறிவிப்பு போகும். அப்புறம்தான் அட்மினுக்கு மட்டும் தெரிகிற மாதிரி சத்தமில்லாமல் போகும் வசதி வந்தது. போகிறவரைப் பிடித்து வைத்து "ஏன் போறீங்க, யார் என்ன சொன்னாங்க" என்று குடையும் பழக்கம் எவ்வளவு பேரைப் படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் பார்த்து அலுவலகத்தைக் கண்டுபிடித்தது எனக்குப் பயமாகவே இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண் யாரிடமிருந்தாவது தப்பிக்கத்தான் தொடர்புகளை எல்லாம் துண்டித்துக்கொண்டார் என்றால், பலர் இருக்கும் குழுவில் அவர் வேலை பார்க்கும் இடத்தைப் போட்டது எங்கே போய் முடியும்?

கார்மேகம்:
சாளரம், நீங்கள் ஆக மோசமான சூழ்நிலை ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லோரையும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்கள். எதிர்ப்பக்கமும் மோசமான சூழ்நிலை உண்டு. தனியாக வாழ்கிறவர் குளியலறையில் விழுந்து கிடக்கிறார் என்று வையுங்கள். அலுவலகத்தில் லீவு என்று நினைப்பார்கள், சொந்தக்காரர்கள் மாதம் ஒருமுறை பேசுகிறவர்கள். இன்றைக்கு இவர் வரவில்லையே என்று அன்றைக்கே கவனிக்கிறவர்கள் குழுவில் இருப்பவர்கள் மட்டும்தான். தினமும் காலை வணக்கம் போடும் பழக்கத்தைப் பலர் கேலி செய்கிறார்கள், எனக்கு அந்தக் கேலி பிடிப்பதே இல்லை. பல பெரியவர்களுக்கு அது வருகைப் பதிவு மாதிரி. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா, அவ்வளவுதான் அதன் பொருள். அந்தப் பூனையும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. அது வரவில்லை என்று தெரிந்தும் விசாரிக்காமல் இருந்தால் அத்தனை நாள் கவனித்ததே வீண்.

சாளரம்:
கவனிப்பது வேறு, துப்பறிவது வேறு. முதலாவதை நான் எங்கேயும் குறை சொல்லவில்லை.

மடல்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே ஒன்றைக் கேட்காமல் பேசுகிறீர்கள். அந்த அக்காவைக் குழுவினருக்கு உண்மையிலேயே எவ்வளவு தெரியும்? ஜோசப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுத்து வழியாக மட்டும் பழகும்போது, எதிராளி தன்னுடைய நல்ல பக்கத்தை நிதானமாகத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார், நாம் தெரியாத இடங்களை எல்லாம் நமக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்கிறோம், அதனால் நேரில் பழகுவதைவிடக்கூட நெருக்கமாகத் தோன்றலாம் என்பது அவர் கருத்து. தூரிகை, உங்களுக்கு அவர் புதிர் போடும் விதம் தெரியும், பூனை தெரியும். அவர் குடும்பம், உடம்பு, கவலை ஏதாவது தெரியுமா? நீங்கள் தேடுவது அவரையா, காலையில் உங்களுக்குக் கிடைத்த அந்த நிம்மதியையா என்று நிதானமாக யோசியுங்கள்.

தூரிகை:
மடல்காரன், இது கொஞ்சம் வலித்தது. ஆனாலும் பதில் சொல்கிறேன். எனக்கு வேலை போன சமயத்தில் அவர் ஒருவர்தான் தனிமடலில் வந்தார். அறிவுரை எதுவும் கிடையாது. தினமும் ராத்திரி ஒரு புதிர்க் குறிப்பு மட்டும் அனுப்புவார், "தூக்கம் வரலைன்னா இதைப் போடு" என்று. நான் தூங்கவில்லை என்பதை யாருக்கும் சொன்னதில்லை, குழுவில் நான் பதில் போடும் நேரத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். அவருடைய குடும்பத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, உண்மைதான். பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவர்களுக்கு என்னைப் பற்றி அதெல்லாம் தெரியும், அவர்களில் ஒருவர்கூட நான் தூங்குகிறேனா என்று கேட்கவில்லை.

கார்மேகம்:
இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார். சாதாரண நண்பர் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் என்று வந்தது. தினமும் காலையிலும் ராத்திரியிலும் வருஷக்கணக்காகப் பேசியவர்கள் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டியிருப்பார்கள்.

சாளரம்:
அந்த ஆய்வு நேரில் அறிமுகமாகிப் பழகியவர்களைப் பற்றியது அண்ணா, ஸ்டிக்கர் அனுப்பும் நேரத்தை அதில் கூட்ட முடியாது. ஒரே இடத்தில் சேர்ந்து வேலை பார்த்த நேரமே அவ்வளவாக உதவவில்லை, விரும்பி ஒன்றாகக் கழித்த நேரம்தான் நெருக்கத்தைக் கொண்டுவந்தது என்றுதான் அவர் சொல்கிறார். அதை வைத்துப் பார்த்தால் தூரிகை சொன்ன ராத்திரிப் புதிர்கள் நிச்சயம் கணக்கில் வரும், ஒத்துக்கொள்கிறேன். குழுவில் மற்ற எல்லோருக்கும் அது வராது. தூரிகைக்குத் தேட உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பெயர்ப்பலகைக்காரருக்கு அக்காவோடு என்ன பழக்கம்? குழுவில் ஒருவர் நெருக்கம் என்பதற்காக எல்லோருக்கும் உரிமை வந்துவிடுமா?

அரைநிலா:
நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள், எழுதுவது அபூர்வம். ஆனால் இந்த விவாதத்தில் காணாமல் போனவர் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். வேறொரு குழுவில் நானும் இப்படி மறைந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். போனை எடுத்தாலே மருத்துவச் செய்தியாகத்தான் இருக்கும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் அணைத்து வைத்தேன். திரும்பி வந்தபோது குழு முழுக்க என் பெயரை டேக் செய்து கேள்விகள். "எங்கே போனீங்க", "கோபமா", "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே". ஒருவர் என் தம்பியைத் தேடிப் பிடித்து அவனிடம் விசாரித்திருந்தார். அவர்கள் அன்பு எனக்குப் புரிந்தது, ஆனால் அத்தனை பேருக்கும் நடுவில் அம்மாவைப் பற்றி விளக்கம் எழுத வேண்டியிருந்ததுதான் கொடுமை. எழுதி எழுதி அழித்தேன், கடைசியில் அந்தக் குழுவுக்குள் போகவே பிடிக்கவில்லை.

அதே சமயம் ஒரே ஒருவர் தனியாக அனுப்பியிருந்தார்: "உங்க ஞாபகம் வந்தது. பதில் போட வேண்டாம். பேசணும்னு தோணும்போது நான் இருக்கேன்." அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. இன்றைக்கும் பேசுவது அவரிடம் மட்டும்தான். விசாரிக்கவே கூடாது என்று சாளரம் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை, எப்படியும் கண்டுபிடிக்க வேண்டும் என்று கார்மேகம் சொல்வதும் ஒப்பவில்லை.

கார்மேகம்:
அரைநிலா, நீங்கள் போனைத் திறந்ததும் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. இந்த அக்காவுக்கு அனுப்பியது ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போய்ச் சேராத செய்தி எவ்வளவு அன்பானதாக இருந்தும் என்ன பயன்? மாட்ஸ் ஸ்டீன் கதை தெரிந்திருக்கும். நார்வேயில் தசை சிதையும் நோயோடு வாழ்ந்த இளைஞர், 2014-ல் 25 வயதில் இறந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்ட பிறகுதான் பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்து குவிந்தன, ஆன்லைன் விளையாட்டில் அவரோடு பல வருஷம் பழகியவர்கள். சிலர் இறுதிச் சடங்குக்கே பயணம் செய்து வந்தார்கள். அந்தப் பதிவு வராமல் போயிருந்தால் அத்தனை பேரும் என்ன ஆனான் என்றே தெரியாமல் காத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். அந்த நிலைமையில்தான் இப்போது தூரிகை இருக்கிறார்.

சாளரம்:
நீங்கள் சொன்ன கதையிலேயே பதில் இருக்கிறது அண்ணா. வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த வலைப்பதிவைத் திறக்கத் தெரிந்திருந்தது, அதனால் அவர்களே சொன்னார்கள். நண்பர்கள் யாரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வீட்டைக் கண்டுபிடிக்கவில்லை. செய்தி வீட்டிலிருந்து வெளியே வர ஒரு வழி வேண்டும், அதை நல்லபடியாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டும். கூகுள் கணக்கிலேயே 2013 முதல் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. நாம் குறிப்பிடும் காலம் வரை, குறைந்தது மூன்று மாதம், கணக்கைப் பயன்படுத்தாமல் இருந்தால், நாமே முன்கூட்டித் தேர்ந்தெடுத்தவருக்குத் தகவல் போகும். யாருக்குச் சொல்வது என்பதை முடிவு செய்கிறவர் கணக்கின் உரிமையாளர். குழுக்களிலும் அப்படிச் செய்யலாம். விருப்பப்பட்டவர்கள் தாங்கள் நம்பும் ஒரு உறுப்பினரிடம் மட்டும் வீட்டு எண் ஒன்றைக் கொடுத்து வைக்கட்டும். இத்தனை நாள் காணவில்லை என்றால் கூப்பிடு, அதற்கு முன்பு வேண்டாம் என்று அவர்களே சொல்லட்டும்.

மடல்காரன்:
யோசனை நல்லதுதான், ஆனால் தன்னைப் பற்றி வாயே திறக்காதவர்கள் எண் கொடுக்க மாட்டார்கள். காணாமல் போகிறவர்களில் அவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று தோன்றுகிறது.

கார்மேகம்:
அதே சந்தேகம்தான் எனக்கும். நட்பு என்றால் கேட்காமலேயே செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. படிவம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அக்கறை காட்டலாம் என்றால் அது எனக்கு ஒத்துவராது. எப்போது அக்கறை, எப்போது தொந்தரவு என்பது பழகியவர்களுக்கே தெரியும். தூரிகைக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

தூரிகை:
எல்லோருடையதையும் இரண்டு தடவை படித்தேன். அலுவலகத்துக்கு யாரும் கூப்பிட வேண்டாம், நானும் கூப்பிடப் போவதில்லை. அரைநிலா எழுதியதைப் படித்த பிறகு அதைச் செய்ய மனம் வரவில்லை. ஆனால் சும்மாவும் இருக்க முடியாது. அக்காவைக் குழுவில் சேர்த்தது அவருடைய பழைய கல்லூரித் தோழி ஒருவர், இப்போது அவர் குழுவில் இல்லை, எண் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவரிடம் மட்டும் கேட்கப் போகிறேன். அக்கா நன்றாக இருக்கிறாரா என்ற ஒரே கேள்வி. எங்கே, ஏன், எப்போது வருவார் என்று எதுவும் கேட்க மாட்டேன். இதற்கும் ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் சாளரம்.

சாளரம்:
இதற்கு ஆட்சேபம் இல்லை. தோழிக்கு அவரைத் தெரியும், என்ன சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். தோழி பதில் சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, இது அவசரம். அந்த அலுவலக எண் இன்னும் உங்கள் குழுவில்தானே கிடக்கிறது? போட்டவரையே நீக்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் நீக்கும் நேரம் தாண்டிவிட்டது என்று அவர் சொன்னால் அட்மினிடம் கேளுங்கள், அட்மினால் அடுத்தவர் செய்தியையும் நீக்க முடியும். அந்தப் பழைய படத்தையும் சேர்த்து.

தூரிகை:
எண்ணை இப்போதுதான் அட்மின் நீக்கினார். படம் மேலே எங்கேயோ இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன்.