செவ்வாயில் முதலில் இறங்கியது வைகிங்கா, மார்ஸ் 3-ஆ?

செந்தாரகை:
"செவ்வாயில் முதலில் பத்திரமாக இறங்கியது அமெரிக்காவின் வைகிங் 1" என்று கிரகவாசி நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சோவியத்தின் மார்ஸ் 3 விண்கலம் இறங்கியது 1971 டிசம்பர் 2. வைகிங் இறங்கியது 1976 ஜூலை 20. நாலரை வருஷம் கழித்து வந்ததற்கு எப்படி முதலிடம் கொடுக்கிறீர்கள்?

கிரகவாசி:
இறங்கி எவ்வளவு நேரம் பேசியது என்பதையும் சொல்லுங்கள் சார். சுமார் 20 நொடி! அதில் வந்ததும் எதுவும் தெரியாத சாம்பல் நிறத் துண்டுப் படம். வைகிங் 1 1982 நவம்பர் வரை உழைத்தது.

செந்தாரகை:
அந்த 20 நொடியும் செவ்வாய்த் தரையிலிருந்து வந்தது. அப்போது கோள் முழுக்கப் புழுதிப் புயல். உங்கள் அமெரிக்க விண்கலம் மாரினர் 9 புயல் அடங்கட்டும் என்று மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மார்ஸ் 3-க்கு அந்த வசதி இல்லை. கட்டளைகள் முன்பே பதியப்பட்டவை, மாற்ற முடியாது. புழுதிக்குள்ளேயே இறங்கியது. உள்ளே 15 மீட்டர் கம்பியில் கட்டிய குட்டி ரோவர் (தரையில் நகரும் ஊர்தி) வேறு. சக்கரம் கிடையாது, சறுக்குப் பலகைகளால் அடியெடுத்து வைக்கும். 1971-இல் இப்படி யோசித்தவர்களைத் துண்டுப் படம் என்று ஒதுக்குகிறீர்களே!

மதுரைக்காரன்:
அந்த ரோவர் ஓர் அடியாவது நடந்ததா அண்ணே?

செந்தாரகை:
தம்பி, நான் கேட்டது இறங்கியதா இல்லையா என்று. நடந்ததா என்று யார் கேட்டார்கள்?

நிலாப்பித்தன்:
செவ்வாயை விடுங்கள். 1970 டிசம்பர் 15-லேயே சோவியத்தின் வெனீரா 7 வெள்ளிக் கோளில் இறங்கி 23 நிமிடம் தகவல் அனுப்பியது. சமிக்ஞை அவ்வளவு மெலிது; கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். அப்புறம் பதிவு நாடாக்களை அலசியபோதுதான் 475 டிகிரி வெப்பம் என்ற தகவல் கிடைத்தது.

கிரகவாசி:
போன மாதமும் இதே வெனீராவை இழுத்து வந்தீர்கள். 1962-இல் அமெரிக்காவின் மாரினர் 2 வெள்ளியைக் கடந்து சென்று அளந்ததே என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

நிலாப்பித்தன்:
கடந்து போனதும் இறங்கியதும் ஒன்றா?

செந்தாரகை:
வெள்ளிச் சண்டையை வேறு இழையில் போடுங்கள். கிரகவாசி, இறங்காமல் தரையிலிருந்து 20 நொடி எப்படி வரும்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கிரகவாசி:
20 நொடியில் என்ன ஆராய்ச்சி நடந்தது? முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

செந்தாரகை:
நீங்கள் எழுதியது "ஆராய்ந்தது" என்றா, "இறங்கியது" என்றா? அந்த வரியைத் திருத்துங்கள்.

கிரகவாசி:
திருத்த மாட்டேன்.